நங்கூரம் போட்டாச்சு... ஆனா, தண்ணியில குதிக்க இன்னும் பர்மிஷன் வரல! - ஃபிஜி கிராமங்களின் விருந்தோம்பல்

ஒரு சின்ன கற்பனை. நீங்களும் உங்கள் துணையும் ஒரு பாய்மரப் படகில் பசிபிக் கடலைச் சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள். எதிர்காற்றில் முட்டி மோதி, ராத்திரி மாற்றி மாற்றித் தூங்கி, உடம்பெல்லாம் உப்புப் பூத்து ஒரு தீவுக்கு வந்து சேர்ந்துவிட்டீர்கள். பவளப்பாறைக்கு நடுவே இருக்கும் குறுகலான வழியில் படகை நுழைத்து, உள்ளே நங்கூரமும் போட்டாச்சு. கண்ணாடி மாதிரி தண்ணீர். அடியில் மீன் ஓடுவது தெரிகிறது.

அப்படியே குதிச்சிடலாம்னு தோணுமா, தோணாதா?

குதிக்கக் கூடாது. தூண்டிலும் போடக் கூடாது. கரையில் நடந்து ஒரு செல்ஃபிகூட எடுக்கக் கூடாது. முதலில் குளித்து, முழங்கால் மறைய வேட்டி மாதிரி ஒரு துணியைக் கட்டிக்கொண்டு, பேப்பரில் சுற்றிய ஒரு கட்டு வேரை எடுத்துக்கொண்டு ஊர்த் தலைவரைப் பார்க்கப் போக வேண்டும். அவர் 'சரி' என்று சொன்ன பிறகுதான் மற்றதெல்லாம்.

ஃபிஜி நாட்டின் தொலைதூரத் தீவுகளில் இன்றும் நடக்கிற வழக்கம் இது. பெயர், 'செவுசெவு'. பாய்மரப் படகில் உலகம் சுற்றுகிறவர்கள் ஃபிஜியைப் பற்றிப் பேசும்போது கடற்கரையைவிட அதிகமாகச் சொல்வது, இந்த செவுசெவு முடிந்த பிறகு அந்த ஊர் மக்கள் தங்களைக் கவனித்துக்கொண்ட விதத்தைத்தான். 'பசிபிக் மக்கள்னாலே ரொம்ப அன்பானவங்க' என்று ஒரே வரியில் முடித்துவிடுவதும் உண்டு. அன்பானவர்கள்தான். ஆனால், அந்த அன்புக்குப் பின்னால் தெளிவான ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. அது புரியாமல் போனால், நாம் வாங்கிக்கொண்டு மட்டும் வந்த விருந்தாளி ஆகிவிடுவோம்.

எங்கே இருக்கு இந்த ஊர்?

ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே, நியூசிலாந்துக்கு வடக்கே இருக்கிறது ஃபிஜி. 300-க்கும் மேற்பட்ட தீவுகள். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில்தான் ஆட்கள் வசிக்கிறார்கள். விமானத்தில் போகிற சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் மேற்குப் பக்கத்து ரிசார்ட்டுகளோடு திரும்பிவிடுவார்கள். கிழக்குக் கோடியில் இருக்கும் லாவ் தீவுக் கூட்டம் வேறு உலகம். நீண்ட காலம் தனி அனுமதி இல்லாமல் வெளிநாட்டுப் படகுகள் அந்தப் பக்கம் போக முடியாமல் இருந்தது. இன்றைக்கும் நாட்டுக்குள் நுழைந்ததும் சுவா, சவுசவு போன்ற துறைமுகங்களில் குடியேற்ற வேலைகளை முடித்து, தீவுகளைச் சுற்றிவர பர்மிட் வாங்கிக்கொண்டு, காற்றுக்கு எதிராகத் திரும்பக் கிழக்கே ஏற வேண்டும். மே முதல் அக்டோபர் வரைதான் சீசன். நவம்பர் வந்தால் புயல் காலம்.

லாவின் தெற்கே இருக்கும் ஃபுலாங்கா தீவு, படகுப் பயணிகளிடையே ரொம்பப் பிரபலம். வரைபடத்தில் ‘Fulaga’ என்பதற்குச் சமமான எழுத்துகள்தான் இருக்கும். ஆனால், ஃபிஜி மொழியில் அந்த 'க' எழுத்தை 'ங' என்றுதான் உச்சரிக்க வேண்டும். நடுவில் பெரிய காயல். அதற்குள் அலை அடிப்பக்கத்தை அரித்துவிட்டதால் காளான் போல நிற்கும் சுண்ணாம்புப் பாறைத் தீவுகள். மொத்தமே மூன்று கிராமங்கள். 'வெசி' என்ற கடினமான மரத்தைச் செதுக்குவதில் இந்த ஊர்க்காரர்கள் கெட்டிக்காரர்கள். பாறைத் தீவு என்பதால் மண் வளம் குறைவு. குடிக்கிற தண்ணீருக்கு மழையைத்தான் பார்க்க வேண்டும். சரக்குக் கப்பல் வருவதும் அடிக்கடி இல்லை.

அப்படிப்பட்ட ஊரில்தான், வந்து இறங்குகிற ஒவ்வொரு படகுக்கும் ஒரு குடும்பத்தை 'இவர்கள் உங்கள் வீட்டு விருந்தாளி' என்று பொறுப்பாக ஒப்படைக்கும் பழக்கம் இருக்கிறது. அந்தப் பொறுப்பு ஆரம்பிக்கும் இடம்தான் செவுசெவு.

அந்த வேர்க் கட்டு என்ன?

அதன் பெயர் 'யங்கோனா'. வெளியுலகம் 'கவா' என்று சொல்லும். சுவாவிலும் சவுசவுவிலும் மார்க்கெட்டில் கட்டுக் கட்டாக விற்பார்கள். படகுக்காரர்கள் பொதுவாக ஒரு கிராமத்துக்கு அரைக் கிலோ என்று கணக்குப் போட்டு வாங்கி வைத்துக்கொள்வார்கள். பொடியாக அல்ல, முழு வேராகக் கொண்டுபோவதுதான் மரியாதை.

இங்கே நமக்கு ஒரு சுவாரஸ்யம் இருக்கிறது. யங்கோனா செடியின் தாவரவியல் பெயர், பைப்பர் மெத்திஸ்டிகம். நம் மிளகு, பைப்பர் நைக்ரம். வெற்றிலை, பைப்பர் பீட்டில். திப்பிலியும் அதே பைப்பர்தான். அதாவது, நாம் கல்யாணத்துக்கு அழைக்கவும் பெரியவர்களிடம் ஆசி வாங்கவும் தட்டில் வைக்கிற வெற்றிலையும், ஃபிஜியில் ஊர்த் தலைவர் முன்னால் வைக்கிற வேரும் ஒன்றுவிட்ட சொந்தம்! கடையில் என்ன விலைக்கு வாங்கினோம் என்பது இரண்டுக்குமே முக்கியமில்லை. வெறுங்கையோடு வரவில்லை, முறையோடு வந்திருக்கிறோம் என்று சொல்வதற்குத்தான் அது.

என்ன நடக்கும்?

சின்ன ரப்பர் படகில் கரைக்கு வந்ததும், முதலில் கண்ணில் படுகிறவரிடம் 'துராங்கா நி கோரோ எங்கே?' என்று கேட்க வேண்டும். ஊர் நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்கிறவர் அவர். பரம்பரைத் தலைவர் வேறு. நிர்வாகிதான் உங்களைத் தலைவர் வீட்டுக்கு அழைத்துப்போவார்.

ஊருக்குள் தொப்பியும் கூலிங் கிளாஸும் கூடாது. முதுகில் மாட்டுகிற பையைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆண், பெண் இருவருக்குமே 'சுலு' என்ற சுற்றுத்துணி. பெண்கள் தோளையும் மூடிக்கொள்வது நல்லது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, பாயில் சம்மணம் போட்டு உட்கார வேண்டும். தலைவர் பக்கம் காலை நீட்டக் கூடாது. குழந்தை அழகாக இருக்கிறதே என்று தலையைத் தடவிவிடக் கூடாது. ஃபிஜியில் தலை மரியாதைக்குரிய இடம். உட்கார்ந்திருப்பவர்களைக் கடந்து போக வேண்டுமென்றால், குனிந்து 'துலோ' என்று சொல்லிக்கொண்டே போக வேண்டும். மன்னிக்கணும், வழி விடுங்க என்று அர்த்தம்.

வேர்க் கட்டைத் தலைவரின் கையில் கொடுப்பதில்லை. அவர் முன்னால் பாயில் வைக்க வேண்டும். பெரும்பாலும் உங்கள் சார்பில் ஊர்க்காரர் ஒருவரே பேசுவார். இவர்கள் யார், எங்கிருந்து வருகிறார்கள், எதற்காக வந்திருக்கிறார்கள் என்று ஃபிஜி மொழியில் சொல்வார். தலைவர் அந்தக் கட்டை எடுத்துக்கொண்டால் சம்மதம். அவரும் சில வார்த்தைகள் சொல்வார். சுற்றியிருப்பவர்கள் உள்ளங்கையைக் குவித்துத் தட்டுவார்கள். 'தொம்போ' எனப்படும் இந்தக் கைத்தட்டல் நம் கைத்தட்டல் போல 'டப் டப்' என்று கேட்காது. குடத்துக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஆழமாகக் கேட்கும்.

சில ஊர்களில் இத்தோடு முடிந்துவிடும். சில ஊர்களில் அங்கேயே வேரை இடித்து, துணியில் வைத்துத் தண்ணீரில் பிழிந்து, 'தானோவா' என்ற மரப் பாத்திரத்தில் கரைப்பார்கள். முதல் கோப்பை தலைவருக்கு. பிறகு வரிசையாக மற்றவர்களுக்கு. தேங்காய்ச் சிரட்டையில் உங்கள் பங்கு வரும்போது ஒரு தட்டு தட்டி, 'புலா' என்று சொல்லி, ஒரே மடக்கில் குடித்துவிட வேண்டும். சிரட்டையைத் திருப்பிக் கொடுத்ததும் மூன்று தட்டு. 'மதா' என்பார்கள். காலியாச்சு என்று அர்த்தம்.

ருசி? உண்மையைச் சொல்லணும்னா, மண் கரைத்த தண்ணீரில் கொஞ்சம் காரம் சேர்த்தது போல இருக்கும் என்பதுதான் பலருடைய அனுபவம். நாக்கும் உதடும் லேசாக மரத்துப்போகும். இது சாராயம் இல்லை. ஆளை ஆட வைக்காது, அமைதியாக்கும். நிறையக் குடித்தால் தூக்கம் வரும். மதுவோடு சேர்த்துக் குடிப்பது கல்லீரலுக்கு நல்லதல்ல.

இவ்வளவு சடங்கு எதுக்கு?

நமக்குக் கடல் என்றால் பொதுச்சொத்து. யாரைக் கேட்டு மெரினாவில் கால் நனைக்கிறோம்? ஃபிஜியின் கிராமத்துக் கதை வேறு. நாட்டு நிலத்தில் 80 சதவீதத்துக்கும் மேல் பூர்வகுடி ஐதௌகேய் மக்களின் குலங்களுக்குச் சொந்தம். அதை விற்க முடியாது. ஊருக்கு முன்னால் இருக்கும் கடலிலும் பவளப்பாறையிலும் மீன் பிடிக்கும் உரிமை அந்தந்த ஊருக்குப் பாரம்பரியமாக உண்டு. அந்தக் கடற்பகுதியைக் 'கோலிகோலி' என்பார்கள். சட்டப்படி கடலடி நிலம் அரசுடையது. அதையும் ஊர்களுக்கே மாற்றித் தர 2006-ல் ஒரு மசோதா வந்தது. அந்த வருட டிசம்பரில் நடந்த ராணுவப் புரட்சிக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் அந்த மசோதாவும் ஒன்று. ஆட்சியையே அசைக்கிற அளவுக்குப் பெரிய விஷயம் அது.

ஆக, நீங்கள் நங்கூரம் போட்டிருக்கும் அந்த நீலத் தண்ணீர், யாரோ ஒருவருடைய சமையலறை. கேட்காமல் குதிப்பது, திறந்திருக்கிறதே என்று அடுத்த வீட்டு அடுக்களைக்குள் போய்ப் பாத்திரத்தைத் திறந்து பார்ப்பது மாதிரி.

'வனுவா' என்று ஒரு சொல் அவர்களிடம் இருக்கிறது. நிலம் என்று அர்த்தம். அந்த நிலத்தின் மக்களும், அவர்கள் வழக்கங்களும்கூட அதற்குள்ளேயே அடக்கம். நம் 'ஊர்' மாதிரி. 'ஊருக்குப் போறேன்' என்றால் இடம். 'ஊர் என்ன சொல்லும்' என்றால் மனிதர்கள். செவுசெவுவில் தலைவர் சம்மதம் சொன்னதும், நீங்கள் அந்த வனுவாவுக்குள் வந்துவிடுகிறீர்கள். அதற்குப் பிறகு உங்கள் பாதுகாப்பு ஊரின் பொறுப்பு. ஊரின் கட்டுப்பாடு உங்கள் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகும் நாள், யாரும் நீந்த மாட்டார்கள், மீன் பிடிக்க மாட்டார்கள் என்றால், நீங்களும்தான்.

இந்த நடைமுறை இல்லாவிட்டால் கடல் வழியாக வருகிறவனும் கரையில் இருக்கிறவனும் ஒருவரையொருவர் எப்படிப் பார்ப்பார்கள்? 1789-ல் பவுண்ட்டி கப்பலில் கலகம் நடந்து, கேப்டன் வில்லியம் பிளை தன் ஆட்களோடு ஏழு மீட்டர் திறந்த படகில் இறக்கிவிடப்பட்டார். டோங்கா பக்கத்துத் தீவு ஒன்றில் நடந்த மோதலில் அவர் ஆள் ஒருவர் கொல்லப்பட்டார். அந்தப் பயத்தில் ஃபிஜி தீவுகளுக்கு நடுவே பசியும் தாகமுமாகப் போனபோதும் அவர் எங்கும் கரையிறங்கவில்லை. ஃபிஜிக்காரர்களின் படகுகள் துரத்தின. இவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு துடுப்புப் போட்டார்கள். யார், எதற்கு வருகிறார்கள் என்று சொல்லவோ கேட்கவோ வழியில்லை. இரண்டு பக்கமும் பயம். ஒரு கட்டு வேர் தீர்த்து வைப்பது இந்தப் பயத்தைத்தான்.

'மை கானா!'

சம்மதம் கிடைத்த பிறகு நடப்பதுதான் பயணிகளைத் திக்குமுக்காட வைக்கும் பகுதி. தெருவில் நடந்து போனால், சாப்பிட்டுக்கொண்டிருக்கும் வீட்டிலிருந்து 'மை கானா!' என்று குரல் வரும். வாங்க, சாப்பிடலாம்! நம் ஊர்த் திண்ணைகளில் கேட்ட அதே வார்த்தை. தெரியாத ஆளாக இருந்தாலும் கூப்பிடாமல் விடுவது மரியாதைக் குறைவு.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் விருந்து. குழி தோண்டி, சூடான கற்களின் மேல் இலையில் சுற்றிய கிழங்கையும் மீனையும் அடுக்கி, மண்ணால் மூடி வேக வைக்கும் 'லோவோ'. மரவள்ளிக் கிழங்கு, சேப்பங்கிழங்கு, சேம்பு இலையைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்த 'ரோரோ', எலுமிச்சைச் சாற்றில் ஊறிய பச்சை மீனில் தேங்காய்ப்பால் ஊற்றிய 'கொகோண்டா'. மரவள்ளியும் தேங்காய்ப்பாலும் என்றதும் குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு நாக்கில் எச்சில் ஊறும்.

இங்கேதான் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. பல வீடுகளில் விருந்தாளிகளும் பெரியவர்களும் முதலில் சாப்பிடுவார்கள். பரிமாறும் பெண்களும் குழந்தைகளும் பிறகுதான். 'எவ்வளவு அன்பு, தட்டு தட்டா வைக்கிறாங்களே' என்று எல்லா மீனையும் நீங்கள் முடித்துவிட்டால், கடைசிப் பந்திக்கு வெறும் கிழங்குதான். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். 'போதும்' என்று நமக்காகத் தெரிய வேண்டும். குடிதண்ணீரும் அப்படித்தான். மழைத்தொட்டியை நம்பி இருக்கும் ஊரில், படகின் டேங்கை நிரப்பிக்கொள்ளலாமா என்று கேட்டால் அவர்கள் 'இல்லை' என்று சொல்லத் தயங்குவார்கள்.

காரணம், 'கெரேகெரே' என்ற இன்னொரு வழக்கம். சொந்தத்துக்குள் ஒருவர் தேவை என்று கேட்டால், இருக்கிறவர் கொடுக்க வேண்டும். இன்று உன் வலை, நாளை என் படகு. புயலும் பஞ்சமும் வந்துபோகிற சின்னத் தீவில், எல்லோரும் பிழைத்துக் கிடக்க மக்கள் கண்டுபிடித்த இன்ஷூரன்ஸ் இது. நீங்கள் வீட்டு விருந்தாளி ஆனதும் அந்தக் கணக்குக்குள் நீங்களும் வந்துவிடுகிறீர்கள். கேட்கவும் செய்யலாம், கேட்கப்படவும் செய்வீர்கள். 'என்னது, பெட்ரோல் கேட்கிறாங்க, கயிறு கேட்கிறாங்க' என்று சில பயணிகள் முகம் சுருங்குவது இது புரியாததால்தான். நேற்று அவர்கள் வீட்டில் சாப்பிட்ட மீனுக்கு யாரும் பில் கொடுக்கவில்லையே!

திருப்பிக் கொடுப்பது எப்படி?

விஷயம் தெரிந்த படகுக்காரர்கள் துறைமுகத்திலேயே மாவு, சர்க்கரை, தூண்டில் முள், நோட்டுப் புத்தகம், படிக்கிற கண்ணாடி எல்லாம் வாங்கி ஏற்றிவிடுவார்கள். பொருளைவிட மதிப்பு, கைவேலைக்கு. நீண்ட தூரம் படகு ஓட்டுகிறவர்கள் பாதி மெக்கானிக், பாதி எலெக்ட்ரீஷியன். ஊரில் கெட்டுக் கிடக்கும் படகு மோட்டார், சோலார் பேட்டரி, தையல் மெஷின் என்று சரிசெய்து கொடுப்பார்கள்.

2016 பிப்ரவரி 20-ம் தேதி வின்ஸ்டன் புயல் ஃபிஜியைத் தாக்கியது. 44 பேர் இறந்தார்கள். லாவின் வடக்கே இருக்கும் வனுவா பலாவு தீவும் நேரடியாக அடிவாங்கியது. படகுப் பயணிகளுக்குப் பழக்கமான தீவு அது. 'சீ மெர்சி' போன்ற அமைப்புகளோடு சேர்ந்து பாய்மரப் படகுக்காரர்கள் பலர் நிவாரணப் பொருள்களை ஏற்றிக்கொண்டு தீவுகளுக்குப் போனார்கள். தண்ணீர், தார்ப்பாய், மருந்து. எந்தப் பாறைக்கு நடுவே வழி, எந்த ஊரில் எத்தனை வீடு என்பதெல்லாம் விருந்தாளியாகப் போனபோதே தெரிந்துவைத்திருந்தவர்களும் அவர்களில் உண்டு.

செவுசெவு இல்லாமல் வந்தவர்கள்

ஃபிஜி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது கரும்புத் தோட்டம். பாரதி பாடியதும் அங்கே வதைபட்ட பெண்களைத்தான். 1879 மே 14 அன்று லியோனிடாஸ் கப்பல் முதல் இந்தியத் தொழிலாளர்களைக் கொண்டுபோய் இறக்கியது. 1916 வரை சுமார் 60,000 பேர். 1903 முதல் சென்னை வழியாகவும் கப்பல்கள் போயின. தமிழர்களும் தெலுங்கர்களும் மலையாளிகளும் போனார்கள்.

அவர்களும் கடல் வழியாக வந்தவர்கள்தான். ஆனால், அவர்களை எந்த ஊர்த் தலைவர் முன்னாலும் யாரும் உட்கார வைக்கவில்லை. பிரிட்டிஷ் நிர்வாகம் பூர்வகுடிகளைக் கிராமத்திலும், இந்தியர்களைத் தோட்டத்துக் குடியிருப்புகளிலும் தனித்தனியாக வைத்தது. மண்ணின் மக்களின் சம்மதத்தை அவர்களுக்காக யாரும் கேட்டுத் தரவில்லை. இரண்டு சமூகங்களுக்கும் நடுவே பிறகு வந்த கசப்புகளுக்குப் பல காரணங்கள் உண்டு. ஆரம்பத்தில் முறையான ஓர் அறிமுகம்கூட நடக்காததும் அதில் ஒன்று என்றே தோன்றுகிறது. இன்றோ, இந்திய வம்சாவளி வீடுகளிலும் சாயங்காலம் அதே யங்கோனாவைக் கரைத்துச் சுற்றி உட்கார்ந்து பேசுகிறார்கள்!

கிளம்பும்போது...

இந்த வழக்கம் இப்படியே நீடிக்குமா? படகுகள் கூடக்கூட, சில ஊர்கள் வேரோடு சேர்த்து நங்கூரக் கட்டணமும் வாங்குகின்றன. பள்ளிக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் பணம் வேண்டுமே, அதில் தப்பில்லை. சிக்கல், பணம் கொடுத்ததும் 'எல்லாம் முடிஞ்சுது' என்று நினைக்கிற விருந்தாளியால் வருவது. வேர்க் கட்டை டிக்கெட் மாதிரி நீட்டிவிட்டு, நேராகத் தண்ணீரில் குதிக்கிறவர்கள். அப்படி நாலு படகு வந்துபோனால், ஐந்தாவது படகைப் பார்த்து 'மை கானா' என்று கூப்பிட எந்த வீட்டுக்கும் மனசு வராது.

அதனால்தான் ஊரை விட்டுக் கிளம்பவும் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். 'இ தாதாவ்'. மறுபடி வேரோடு தலைவர் முன்னால் உட்கார்ந்து, இவ்வளவு நாள் பார்த்துக்கொண்டதற்கு நன்றி சொல்லி, போக அனுமதி கேட்க வேண்டும். உங்களுக்கு ஒப்படைத்த குடும்பம் பாயோ, மரச் சிற்பமோ, ஒரு சாக்குத் தேங்காயோ கொடுத்தனுப்பும். 'இசா லேய்' என்ற விடைபெறும் பாட்டைப் பாடுவார்கள். கடலில் வாரக்கணக்கில் தனியாகக் கிடந்து பழகியவர்கள்கூட அந்த நேரத்தில் அழுதுவிடுவார்கள்.

நாமும் வாசலில் நின்று 'போறேன்' என்று சொல்வதில்லை, 'போய்ட்டு வர்றேன்' என்றுதான் சொல்கிறோம். வருவோமோ, மாட்டோமோ. ஃபுலாங்காவுக்கு இரண்டாவது முறை வருகிற படகுகள் இருக்கின்றன. அவர்களும் குளித்து, சுலு கட்டி, வேரை எடுத்துக்கொண்டு, முதல் தடவை வந்தபோது உட்கார்ந்த அதே பாயில் போய் உட்கார்ந்துவிட்டுத்தான் தண்ணீரில் இறங்குகிறார்கள்.